குற்றவியல் நீதித் துறைக்குப் போக விரும்பும் மாணவர்கள்: வகுப்பறைக்கு வெளியே நடக்கும் பாதித் தயாரிப்பு

பல்கலைக்கழகங்களின் பொது வரவேற்பு நாள்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்து வருகிறேன். சட்டம், பொதுப் பாதுகாப்பு, உளவியல் ஆகிய துறைகளின் கூடங்களுக்கு முன்னால் நிற்கும் நம் இந்தியப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். ஆபத்தான வேலையா? இரவு நேர வேலை உண்டா? பிடிக்காவிட்டால் வேறு வேலைக்கு மாற முடியுமா? பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்பது ஒரே கேள்வி. சேர எத்தனை புள்ளி வேண்டும்?

நான்கும் நியாயமான கேள்விகள். ஆனால் சேர்ந்த பிறகு அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. குற்றவியல் நீதித் துறையைப் பொறுத்தவரை வேலை கிடைப்பதையும், கிடைத்த வேலையில் நிலைப்பதையும் பெரிதும் தீர்மானிப்பது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பட்டதாரிகளுக்கு வேலைச் சந்தை முன்புபோல் இல்லை. 2024ஆம் ஆண்டுக்கான பல்கலைக்கழகப் பட்டதாரிகள் வேலைவாய்ப்பு ஆய்வின்படி, வேலை தேடியவர்களில் 79.5 விழுக்காட்டினருக்கே முழுநேர நிரந்தர வேலை கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் அது 84.1 விழுக்காடு. இப்படிப்பட்ட நேரத்தில் காவல்துறை, சிறைத்துறை, குடிநுழைவு, போதைப்பொருள் ஒழிப்பு போன்ற அரசுப் பணிகள் பக்கம் இளையர்களின் பார்வை திரும்புவது இயல்பு. ஆள் தேவையும் இருக்கிறது. 2024ல் மட்டும் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. மக்கள் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்குக் குறையாது. அந்தக் கோப்புகளை யாராவது பிரித்துப் படித்தாக வேண்டும், விசாரிக்க வேண்டும், வழக்காக்க வேண்டும், தண்டனை முடிந்து வருபவரை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும்.

ஒரு வாசல் இல்லை, பல வாசல்கள்

‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ என்றதும் நம் வீடுகளில் இரண்டு உருவங்கள்தாம் மனத்தில் வருகின்றன. ஒன்று நீலச் சீருடை, மற்றொன்று கறுப்பு அங்கி. அமெரிக்காவில் இருப்பதுபோல் அந்தப் பெயரிலேயே ஒரு பட்டப்படிப்பைத் தேடினால் இங்கு ஏமாற்றமே மிஞ்சும். இங்கே அது பல படிப்புகளில் சிதறிக் கிடக்கிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுப் பாதுகாப்புப் படிப்பு உண்டு. 2017ல் தொடங்கிய அதன் சட்டப் பள்ளி, நாட்டின் மூன்றாவது சட்டப் பள்ளி. குற்றவியல் வழக்குகளுக்கும் குடும்ப வழக்குகளுக்கும் வழக்கறிஞர்களை உருவாக்குவதையே நோக்கமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சட்டமும் நிர்வாகமும் சேர்ந்த பட்டயப் படிப்பு இருக்கிறது, இணையப் பாதுகாப்புடன் மின்னிலக்கத் தடயவியல் படிப்பும் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் தடயவியலைத் துணைப்பாடமாக எடுக்கலாம். உளவியலும் சமூகப் பணியும் படித்தவர்கள் சிறைத்துறையில் மறுவாழ்வு வல்லுநர்களாகச் சேர்கிறார்கள். பொறியியலும் வேதியியலும் படித்தவர்களுக்கு 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘எச்டிஎக்ஸ்’ என்னும் உள்துறை அறிவியல், தொழில்நுட்ப அமைப்பு இருக்கிறது.

காவல்துறையில் சார்ஜண்டாகச் சேர்ந்தவர் மேலே போவது கடினம் என்ற பழைய எண்ணம் இன்னும் சில பெற்றோரிடம் உள்ளது. மூத்த அதிகாரி, இளநிலை அதிகாரி என்ற பிரிவை நீக்கி 2016 ஜூலையில் காவல்துறை ஒரே பதவி வரிசைக்கு மாறிவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டயப் படிப்பு முடித்த பிள்ளையைத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் படிக்கும் மாணவர்களின் நிலை சற்று வேறு. 2024ஆம் ஆண்டுப் பிரிவினர் முதல் வழக்கறிஞர் பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாகிவிட்டது. அதே ஆண்டு புதிய வழக்கறிஞர்கள் பதவியேற்ற நிகழ்ச்சியில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் இளம் வழக்கறிஞர்களின் மனச்சோர்வைப் பற்றியே அதிகம் பேசினார். ஐந்து ஆண்டுகளுக்குள் தற்போதைய நிறுவனத்தை விட்டு விலகக்கூடும் என்று பெரும்பாலான புதியவர்களே ஆய்வில் கூறியிருந்தார்கள். வேலைப் பளு, பணியிடச் சூழல் என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. குற்றவியல் வழக்குகளை எடுப்பவருக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: கட்சிக்காரரிடம் பணம் இருக்காது.

மறைந்த சுபாஸ் ஆனந்தனின் பெயரைக் கேட்டுச் சட்டம் படிக்கப் போன ஒரு தலைமுறை நம்மிடையே உண்டு. அவர் 2015 ஜனவரியில் காலமானார். அவரைப்போல் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் பலர் இன்று நிறுவன ஒப்பந்தங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. வீட்டுக்கடன் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் 2022 டிசம்பரில் சட்ட அமைச்சின்கீழ் அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் அமைக்கப்பட்ட பிறகு நிலைமை கொஞ்சம் மாறியுள்ளது. குடும்பத்தில் ஒருவருக்கான மாத வருமானம் 1,500 வெள்ளிக்கு உட்பட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பெரும்பாலான குற்றவியல் வழக்குகளில் அந்த அலுவலகம் வாதாடுகிறது. அதாவது, ஏழைக்காக வாதாடுவதே மாதச் சம்பளம் தரும் முழுநேர வேலையாகக் கிடைக்கிறது. 1985லிருந்து சட்டச் சங்கத்தின் குற்றவியல் சட்ட உதவித் திட்டம் தொண்டூழியர்களைக்கொண்டு சுமந்துவந்த சுமையில் ஒரு பகுதியை இப்போது அரசாங்கமே ஏற்றிருக்கிறது.

இருபது மணி நேரம்

இனி வளாகத்துக்குள் வருவோம். சட்ட மாணவர்கள் பட்டம் பெறுவதற்குள் குறைந்தது 20 மணி நேரம் இலவச சட்டச் சேவையில் ஈடுபட வேண்டும் என்ற விதி 2013 முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் நம் ஊரில் ‘குறைந்தது’ என்று எழுதினால் அதை ‘அதிகபட்சம்’ என்று படிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. இருபதாவது மணி நேரம் முடிந்ததும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிக்காக உயர்நிலைப்பள்ளியில் நான் சேர்ந்த மன்றத்தின் முழுப் பெயர்கூட எனக்கு இன்று நினைவில்லை.

ஆனால் இந்தத் துறையில் அந்தக் கணக்கு உதவாது என்பதே என் கருத்து. ஒரு மன்றத்துக்கு ஓராண்டு தலைவராக இருந்ததைவிட, ஒரே இடத்துக்கு இரண்டு ஆண்டுகள் அலுக்காமல் போய்வந்ததுதான் பிற்காலத்தில் கைகொடுக்கும். காரணம் எளிது. குற்றவியல் நீதித் துறையின் எந்த வேலையை எடுத்துக்கொண்டாலும் அதன் நடுவில் இருப்பது ஒன்றே. கோபத்திலோ பயத்திலோ வெட்கத்திலோ இருக்கும் ஒரு மனிதரின் எதிரே உட்கார்ந்து, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, பிழையில்லாமல் எழுதுவது. விசாரணை அதிகாரி செய்வதும் அதுதான். தற்காப்பு வழக்கறிஞர், நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரி, சிறை உளவியலாளர் என எல்லாரும் செய்வது அதுதான். அதை விரிவுரை மண்டபத்தில் கற்றுத்தர முடியாது.

கற்றுக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. தேசியப் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களுக்குக் குற்றவியல் நீதிக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் இலவச சட்டச் சேவைக்கெனத் தனி நிலையமே உண்டு. சமூக மன்றங்களில் மாலை நேரத்தில் நடக்கும் சட்ட ஆலோசனைக்கு வருபவரின் கதையை முதலில் கேட்டுக் குறிப்பெடுக்கும் வேலை மாணவர்களுக்குக் கிடைத்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வருபவர் தேதி வரிசைப்படி பேசமாட்டார். மூன்று மாதத்துக்கு முந்திய சண்டையில் தொடங்கி, மாமியார் வழியாகச் சுற்றி, நேற்று வந்த கடிதத்தில் முடிப்பார். அதிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதப் பழகியவர் நேர்முகத் தேர்வுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

காவல்துறை பக்கம் போக நினைப்பவர்கள் தேசிய மாணவர் காவல் படையோடு நின்றுவிட வேண்டாம். 1959ல் தொடங்கிய அந்தப் படை உயர்நிலைப்பள்ளிப் பருவத்துக்கு நல்ல தொடக்கம். 18 வயதுக்குப் பிறகு 1946லிருந்து இயங்கிவரும் தொண்டூழியச் சிறப்புக் காவல் படை இருக்கிறது. பயிற்சி முடித்தவர்களுக்கு வழக்கமான அதிகாரிகளுக்குரிய அதிகாரம் உண்டு, அதே சீருடை, மாதத்துக்குக் குறைந்தது 16 மணி நேரப் பணி. சனிக்கிழமை இரவு ரோந்து போய், குடிபோதையில் இருப்பவரையும் வீட்டுச் சண்டையில் அழுபவரையும் சமாதானப்படுத்தியவருக்கு இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிவதும் லாபம்தான். பிணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகு தெரிவதைவிட மலிவு.

அதிகம் பேசப்படாத இன்னொரு வாய்ப்பு, இளம் சந்தேக நபர்களுடன் உட்காரும் தொண்டூழியர் பணி. 2016 ஜனவரியில் காவல்துறை விசாரணைக்குப் பிறகு 14 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. நடைமுறைகள் மறுபரிசீலனை செய்யப்பட்டு, 2017லிருந்து இளம் சந்தேக நபர்களை விசாரிக்கும்போது காவல்துறையைச் சாராத, பயிற்சிபெற்ற பெரியவர் ஒருவர் உடனிருக்கும் ஏற்பாடு படிப்படியாக வந்தது. அவர் வழக்கறிஞர் அல்லர். ஆலோசனை சொல்லமாட்டார். பிள்ளைக்குக் கேள்வி புரிகிறதா, பசிக்கிறதா, பயந்து நடுங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. 1971லிருந்து இருந்துவரும் தொண்டூழிய நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரிகள் திட்டமும் இதே வகையைச் சேர்ந்தது. இரண்டிலும் தமிழ் பேசத் தெரிந்த இளையர் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பிள்ளை ஆங்கிலம் பேசும். அழைத்துப்போக வந்த பாட்டி பேசமாட்டார்.

‘கை வைத்தான்’

மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன். தமிழ் படித்தவள் என்பதால் மட்டுமல்ல. செய்தியாளரான முதல் ஆண்டில் ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்களுக்கு என்னை அனுப்பியபோது, அங்கே நான் படித்த தமிழுக்கு இப்படியொரு வேலை இருக்கிறதா என்று வியந்து நின்றேன்.

தமிழ் நம் நாட்டின் அதிகாரத்துவ மொழி. ஆனால் நீதிமன்றம் நடப்பது ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் உதவுவார். அதற்கும் முன்பே, காவல் நிலையத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்கீழ் எடுக்கப்படும் வாக்குமூலத்தை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும், திருத்தம் இருந்தால் செய்து கையெழுத்து வாங்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் சொற்களில் இருக்கிறது.

‘அவன் என்மேல கை வைச்சான்’ என்று ஒருவர் சொல்கிறார். அடித்தான் என்று பொருள் கொள்ளலாம். தகாத முறையில் தொட்டான் என்றும் கொள்ளலாம். ‘பணத்துல கை வைச்சான்’ என்றால் திருடினான். முதலாவது காயம் விளைவித்த குற்றம், இரண்டாவது மானபங்கம், மூன்றாவது திருட்டு. தண்டனைச் சட்டத்தில் இவை மூன்றும் வெவ்வேறு பிரிவுகள். ‘கையை நீட்டிட்டான்’ என்றால் நமக்கு அடித்ததாகப் புரியும். அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு அவர் பிச்சை கேட்டதாகவோ லஞ்சம் கேட்டதாகவோகூடத் தோன்றலாம். ‘ரொம்பப் பேசிட்டான்’ என்றால் மதுரைப் பக்கத்துக்காரருக்குத் திட்டினான் என்று பொருள். நாம் இங்கே ‘ஏசினான்’ என்போம். ‘எடுத்தேன்’ என்பது எடுத்தது மட்டும்தானா, களவாடியதா? ‘பொருள்’ என்றால் சாமானா, போதைப்பொருளா? ‘மச்சான்’ மனைவியின் சகோதரரா, நேற்று அறிமுகமான நண்பரா? ‘கொஞ்சம் சாப்பிட்டிருந்தேன்’ என்றவர் இட்லியைச் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரியும். தெரியாத ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதினால், அவர் குடித்திருந்த செய்தியே பதிவில் இராது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘சரி’. நம்மவர்கள் எதிரே இருப்பவர் பேசப் பேச ‘சரி, சரி’ என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. விசாரணை அறையில் அதே சொல் ஒப்புதலாகிவிடக்கூடும்.

2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தபோது இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. கும்பலாக நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள். 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தஞ்சாவூர்த் தமிழும் சிவகங்கைத் தமிழும் சிங்கப்பூர்த் தமிழும் ஒன்றல்ல என்பதை அறிந்த ஒருவர், நடுவில் அமர்ந்து மொழிபெயர்க்க வேண்டிய தேவை அன்றோடு முடிந்துவிடவில்லை. விபத்து, சம்பளப் பாக்கி, சண்டை, மோசடி என்று ஒவ்வொரு வாரமும் அது தொடர்கிறது.

இதற்கு நாம் எத்தனை பேரைத் தயார் செய்கிறோம்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் தாய்மொழித் தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்கள்தாம். கட்டுரை எழுதுவார்கள், பழமொழிக்கு விளக்கம் சொல்வார்கள். ‘கை வைச்சான்’ அவர்களைத் திணறடித்துவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். புறநானூற்றுக்கு உரை எழுதத் தெரிந்த எனக்கு, ஒரு கட்டுமான ஊழியர் தம் முதலாளியைப் பற்றிச் சொன்ன நான்கு வாக்கியங்களில் இரண்டு புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டேன். அவர் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

கிளமெண்டி ரோட்டில் உள்ள ஒரே பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பும் நடக்கிறது, குற்றவியல் சட்டப் பள்ளியும் இயங்குகிறது. தமிழ் மாணவர்களுக்குச் சட்டச் சொற்கள் தெரியாது, சட்ட மாணவர்களுக்குப் பேச்சுத்தமிழ் தெரியாது. ஒரு பருவத்துக்கு ஒரு மாலை, போலி விசாரணை ஒன்றை இரு தரப்பும் சேர்ந்து நடத்தினால் என்ன? தமிழ் படித்தவர் மொழிபெயர்க்கட்டும், சட்டம் படித்தவர் குறுக்கு விசாரணை செய்யட்டும். பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பேரவைகள் ஆண்டுதோறும் நடத்தும் நாடகங்களுக்கும் விவாதப் போட்டிகளுக்கும் ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். தமிழ் படித்தால் ஆசிரியர் வேலை, செய்தியாளர் வேலை என்ற இரண்டைத்தான் எங்கள் வகுப்பில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்ற மூன்றாவது ஒன்று இருப்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் தேடவில்லை.

அதுவரை பழகிக்கொள்ள இடம் வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம். சம்பளப் பிரச்சினையிலும் வேலையிட விபத்திலும் சிக்கி வருமானமின்றித் தவிக்கும் ஊழியர்களுக்காக ‘டிடபிள்யூசி2’ அமைப்பு 2008 முதல் நடத்திவரும் கஃப் ரோடு இலவச உணவுத் திட்டத்தில் மாணவத் தொண்டூழியர்களும் உதவுகிறார்கள். சாப்பாட்டுச் சீட்டில் பெயரெழுதும் வேலைதான். ஆனால் பெயரை எழுதும்போதே கதையும் வரும்.

சிறைக்கு அப்பால்

கைதுசெய்வதும் வழக்கு நடத்துவதும் மட்டுமே இந்தத் துறை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1990களின் இறுதியில் சிறையிலிருந்து விடுதலையானவர்களில் பத்தில் நால்வருக்கு மேல் ஈராண்டுக்குள் மறுபடி குற்றம் புரிந்து உள்ளே போனார்கள். அண்மைய ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2004ல் தொடங்கிய மஞ்சள் நாடா திட்டமும் அதைச் சுற்றி வளர்ந்த அமைப்புகளும் இதில் பெரும் பங்கு வகித்திருக்கின்றன. ஆனால் ஐந்தாண்டுக் கணக்கை எடுத்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் திரும்பப் போகிறார்கள். அதாவது, இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த பிறகும் ஒருவர் விழுந்துவிடக்கூடும். அந்த மூன்றாவது, நான்காவது ஆண்டில் அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே இப்போதைய கேள்வி.

நம் சமூகத்துக்கு இது தூரத்து விஷயம் அல்ல. போதைப்பொருள் குற்றங்களுக்காகப் பிடிபடுவோரில் இந்தியர்களின் விகிதம் மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிடக் கூடுதலாகவே இருந்துவருகிறது. இதைக் கூட்டங்களில் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். முகம் சுளிப்பவர்களின் பிள்ளைகள்தாம் இந்தப் பணிக்கு வர வேண்டும். சிறைத்துறையின் மறுவாழ்வு வல்லுநர் ஒருவருக்குத் தமிழ்க் குடும்பம் எப்படி இயங்கும் என்பது தெரிந்திருந்தால், அப்பாவிடம் பேசாத மகன் அக்காவிடம் பேசுவான் என்பதுவரை தெரிந்திருந்தால், அவர் வேலை எளிதாகும். இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம் என்னும் இடைவழி இல்லம் இருக்கிறது. சிங்கப்பூர் மறுவாழ்வுச் சங்கங்கள் இருக்கின்றன. உளவியலும் சமூகப் பணியும் படிக்கும் மாணவர்கள் தீபாவளிக்கு ஒருமுறை பலகாரப் பெட்டியோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதோடு நிறுத்தினால் யாருக்கும் பயனில்லை. வாரம் ஒரு மாலை, ஓராண்டுக்கு. கணிதமோ கணினியோ சொல்லிக்கொடுத்தால்கூடப் போதும்.

தன் பெயரையும் காத்துக்கொள்ள வேண்டும்

இதை எழுதுவதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்குச் சொல்லாமல் விட முடியாது. அரசுப் பாதுகாப்புப் பணி ஒவ்வொன்றிலும் பின்னணிச் சோதனை உண்டு. இப்போது வளாகங்களில் புழங்கும் இரண்டு விஷயங்கள் அந்தச் சோதனையில் நேராகப் போய் இடிக்கும்.

ஒன்று மின்சிகரெட். எட்டோமிடேட் கலந்த ‘கேபோட்ஸ்’ 2025 செப்டம்பர் 1லிருந்து போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் ‘சி’ வகுப்புப் போதைப்பொருளாக்கப்பட்டுவிட்டது. சாதாரண மின்சிகரெட்டுக்கே 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு முதல் முறை 700 வெள்ளி அபராதம். நண்பனுடையது, கையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான் என்ற விளக்கம் நேர்முகத் தேர்வில் எடுபடாது.

மற்றொன்று வங்கிக் கணக்கு. பகுதிநேர வேலை என்ற பெயரில் வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் விவரத்தையோ சில நூறு வெள்ளிக்குக் கொடுத்துவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க முடியாதபடி 2023ல் சட்டங்கள் திருத்தப்பட்டன. கவனக்குறைவாக இருந்ததே குற்றமாகலாம். 2025 டிசம்பர் 30லிருந்து மோசடிக்காரர்களுக்குக் குறைந்தது ஆறு பிரம்படி கட்டாயம், அவர்களுக்குக் கணக்குக் கொடுத்து உதவுவோருக்கும் 12 பிரம்படிவரை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிறு குற்றப் பதிவு ஐந்தாண்டு நல்லொழுக்கத்துக்குப் பிறகு காலாவதியாகும் வாய்ப்பு சட்டத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 21 வயதில் விண்ணப்பிப்பவருக்கு ஐந்து ஆண்டு மிக நீண்டது.

எப்போது தொடங்குவது

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் தன்விவரக் குறிப்பை எழுத உட்காரும்போது பலருக்கு வெற்றிடம் தெரிகிறது. இரண்டாம் ஆண்டின் தொடக்கமே சரியான நேரம் என்பது என் கணிப்பு. முதல் ஆண்டு ஊர் பார்க்க வேண்டும், அது அவர்கள் உரிமை. இரண்டாம் ஆண்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டம் பெறுவதற்குள் இரண்டு ஆண்டு அனுபவம் சேர்ந்துவிடும். தேசிய சேவையைக் காவல்துறையில் முடித்த இளைஞர்களுக்கு இதில் முன்கூட்டியே ஒரு தொடக்கம் கிடைத்துவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால், தொண்டூழியச் சிறப்புக் காவல் படை அவர்களுக்குக் கூடுதலாக உதவும். இரவு ரோந்துக்கு அம்மா ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

நேர்முகத் தேர்வில் ஏன் இந்த வேலை என்று கேட்பார்கள். சமூகத்துக்குச் சேவையாற்ற வேண்டும் என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். பத்தாவது பிள்ளை, சென்ற மார்ச் மாதம் சமூக மன்றத்தில் ஓர் ஐயா நாற்பது நிமிடம் பேசியதையும், அதில் தான் தவறாகக் குறித்துக்கொண்ட ஒரு தேதியையும், மறுவாரம் அவரைத் தேடிப் பிடித்துத் திருத்தியதையும் சொன்னால் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் பேனாவைக் கையில் எடுப்பார்கள்.

அண்மையில் ஒரு பொது வரவேற்பு நாளில் நான் கிளம்பும் நேரத்தில், பொதுப் பாதுகாப்புக் கூடத்தில் ஒரு மாணவியும் அவருடைய அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா வழக்கமான மூன்று கேள்விகளையும் கேட்டு முடித்திருந்தார். மகள் சற்றுத் தயங்கிவிட்டு, சேருவதற்கு முன்பே எங்காவது போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அங்கிருந்த அலுவலர் ஒரு தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் இரண்டு மூன்று பெயர்களை எழுதிக்கொடுத்தார். மகள் அதைக் கைப்பையில் வைத்தார். அம்மா வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.